பயணப்படிக்காக நின்றுபோன பதவி உயர்வுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்க செனட் சபையில் அலபாமா மாநில உறுப்பினர் டாமி டூபர்வில், 2023-ன் தொடக்கத்திலிருந்து டிசம்பர் வரை, நானூறுக்கும் மேற்பட்ட ராணுவ உயர் அதிகாரிகளின் பதவி உயர்வைத் தனி ஒருவராக முடக்கி வைத்தார். ராணுவத்தின் கருக்கலைப்புக் கொள்கையை எதிர்த்தார், அதனால் முடக்கினார் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோகிறோம். அந்தக் கொள்கையில் என்ன இருந்தது, ஒரே ஒருவரால் நானூறு பேரை எப்படி நிறுத்த முடிந்தது, அதனால் எங்கெங்கே என்னென்ன நின்றது என்று விவரமாகப் பார்த்தால் வேறொரு விஷயம் புரியும். அவர் எதிர்த்த உத்தரவை எழுதியவர்கள் ஒரு பக்கம், அவரால் தண்டிக்கப்பட்டவர்கள் வேறொரு பக்கம். அந்த ஜெனரல்களுக்கும் அட்மிரல்களுக்கும் உத்தரவை எழுதவும் அதிகாரமில்லை, ரத்து செய்யவும் அதிகாரமில்லை.

முதலில் உத்தரவைப் பார்ப்போம். 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு அரசமைப்பு வழங்கும் உரிமை என்று 1973-ல் தான் அளித்த தீர்ப்பைத் தானே ரத்து செய்தது. அன்றே அலபாமாவில் ஏறக்குறைய முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. அண்டை மாநிலங்களான மிசிசிப்பியும் டென்னசியும் அதே வழியில் போயின. ஜார்ஜியாவில் ஆறு வாரம்தான் வரம்பு. 2023-ல் புளோரிடாவில் 15 வாரம் வரை அனுமதி இருந்தது. ஆனால் முதலில் மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும், அதன்பின் 24 மணி நேரம் காத்திருந்து மறுபடி வர வேண்டும்.

இப்போது மான்ட்கோமரி நகரில் உள்ள மேக்ஸ்வெல் விமானப்படைத் தளத்தில் பணிபுரியும் ஒரு பெண் சார்ஜென்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஊரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை; மாற்றல் உத்தரவு வந்தது, போனார். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போல வேலையை விட்டுவிட்டு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர அவரால் முடியாது. சொல்லாமல் கொள்ளாமல் போனால் அது ராணுவக் குற்றம். விடுப்பு கேட்டால் மேலதிகாரி காரணம் கேட்பார். புளோரிடாவுக்குப் போக இரண்டு நாள், இலினாய் போக அதற்கு மேலும் ஆகலாம். விமானக் கட்டணம், தங்கும் அறை எல்லாமே சொந்தச் செலவு. பெரிய அதிகாரிக்கு இது சமாளிக்கக்கூடிய செலவு. பணியில் புதிதாகச் சேர்ந்த இருபது வயதுப் பெண்ணுக்கு அப்படியில்லை.

பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின் 2022 அக்டோபர் 20 அன்று ஒரு குறிப்பாணை வெளியிட்டார். அதைச் செயல்படுத்தும் விதிகள் 2023 பிப்ரவரி 16 அன்று வந்தன. அவற்றில் மூன்று அம்சங்கள் இருந்தன. பணியிடத்தின் சுற்றுவட்டாரத்தில் உரிய காலத்துக்குள் சிகிச்சை கிடைக்காவிட்டால் வேறு ஊருக்குப் போய்வரப் பயணப்படி. சொந்த விடுப்புக் கணக்கில் கழிக்காமல் 21 நாள் வரை நிர்வாக விடுப்பு. மூன்றாவது, கர்ப்பமாக இருப்பதை 20 வாரம் வரை மேலதிகாரியிடம் சொல்லாமல் இருக்கும் உரிமை. பணியால் உடலுக்கு ஆபத்து வரக்கூடிய பிரிவுகளில் இருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பயணப்படி என்றால் நம் அரசு ஊழியர்கள் வாங்கும் அதே டி.ஏ. போலத்தான்: போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு. தனியாகப் போக இயலாத நிலையில் இருந்தால் துணைக்கு வரும் ஒருவருக்கும் உண்டு.

இதில் இரண்டு விஷயங்கள் பலருக்கும் தெரிவதில்லை. ஒன்று, கருக்கலைப்புச் செலவை ராணுவம் ஏற்கவில்லை. தாயின் உயிருக்கு ஆபத்து, வன்கொடுமை, முறையற்ற உறவால் வந்த கர்ப்பம் ஆகிய மூன்று காரணங்கள் தவிர வேறு எதற்கும் பாதுகாப்புத் துறையின் பணத்தையோ மருத்துவமனையையோ கருக்கலைப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பு, 1093-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டம் அப்படியே இருந்தது. மருத்துவருக்குக் கொடுக்கும் பணம் அந்தப் பெண்ணின் கையிலிருந்துதான் போனது. இரண்டாவது, அதே பயணப்படியும் அதே விடுப்பும் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்கும் உண்டு. குழந்தைக்காக ஏங்கும் ராணுவத் தம்பதியும், இந்தக் கர்ப்பம் வேண்டாம் என்று முடிவெடுத்த பெண்ணும் நிரப்பியது ஒரே படிவம்.

செலவு எவ்வளவு என்பதும் பிறகு வெளிவந்தது. 2023 ஜூன் முதல் டிசம்பர் வரை 12 பயணங்கள், மொத்தம் ஏறத்தாழ 45,000 டாலர் என்று பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகன் 2024 மார்ச்சில் தெரிவித்தது. அன்றைய மதிப்பில் சுமார் 37 லட்சம் ரூபாய். அதில் எத்தனை கருக்கலைப்புக்கு, எத்தனை கருத்தரிப்புக்கு என்று அந்தரங்கம் கருதிப் பிரித்துச் சொல்லவில்லை.

டூபர்வில் தரப்பு வாதத்தையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஓட்டுப் போடாத ஒன்றுக்கு வரிப்பணத்தை எடுத்துக்கொடுக்க அமைச்சருக்கு உரிமையில்லை, இது 1093-ஆம் பிரிவைச் சுற்றிவளைத்து மீறுவது என்பதே அவர் வாதம். அரசின் நீதி அமைச்சகத்தில் உள்ள சட்ட ஆலோசனைப் பிரிவு 2022 அக்டோபர் 3 அன்றே, பயணச் செலவு தருவது அந்தப் பிரிவுக்கு முரணில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தது. அதை ஏற்காமல் இருக்க ஒரு செனட்டருக்கு முழு உரிமை உண்டு. கருக்கலைப்பு தவறு என்று மனதார நம்புகிறவர்களை நான் மதிக்கிறேன். அந்த நம்பிக்கைக்காக அவர் கையில் எடுத்த கருவியில்தான் எனக்கு வழக்கு.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பது நம் ஊர் வாசகருக்குச் சட்டென்று பிடிபடாது. இந்தியாவில் ராணுவத் தளபதியை நியமிப்பது அமைச்சரவையின் நியமனக் குழு. நாடாளுமன்றத்துக்கு அதில் வேலையே இல்லை. அமெரிக்காவில் அரசமைப்பின் இரண்டாம் பிரிவுப்படி செனட்டின் ஒப்புதல் வேண்டும். தேர்வுக் குழு பெயர்களைப் பொறுக்கி எடுக்கிறது. படைப்பிரிவின் செயலர், பாதுகாப்பு அமைச்சர், அதிபர் என்று கோப்பு மேலே போகிறது. அங்கிருந்து செனட்டின் ஆயுதப்படைக் குழுவுக்கு வருகிறது. குழு பார்த்து அனுப்பியபின் சபையின் அலுவல் பட்டியலில் ஏறுகிறது.

இடுக்கு இருப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில். நூற்றுக்கணக்கான பெயர்களை மொத்தமாகச் சேர்த்து, "யாருக்கும் ஆட்சேபணை இல்லையென்றால் நிறைவேறியது" என்று ஒரு நிமிடத்தில் முடிப்பதுதான் வழக்கம். நூறு பேரில் ஒருவர் "ஆட்சேபிக்கிறேன்" என்றாலும் அந்த வழி அடைபடும். அதன்பின் ஒவ்வொரு பெயருக்கும் விவாதத்தை முடிக்கும் தீர்மானத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இடையில் ஒரு நாள் கழிய வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கு ஒரு ஓட்டெடுப்பு. அதன்பின் இரண்டு மணி நேரம் வரை விவாதம். கடைசியில் நியமனத்துக்கு ஒரு ஓட்டெடுப்பு.

"நான் எதையும் தடுக்கவில்லையே, ஒவ்வொருவராகக் கொண்டுவந்து ஓட்டுக்கு விடுங்கள்" என்று டூபர்வில் திரும்பத் திரும்பச் சொன்னார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெயருக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 2023 ஆகஸ்டில் நிலுவையில் இருந்தவை 270-க்கும் மேற்பட்ட பெயர்கள். எழுநூறு மணி நேரத்துக்கும் மேல் வேண்டும். சபை இரவு பகலாக உட்கார்ந்தால் ஒரு மாதம். தினம் எட்டு மணி நேரம் என்றால் மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் பட்ஜெட் கிடையாது, நீதிபதி நியமனம் கிடையாது, வேறு எந்தச் சட்டமும் கிடையாது. முடிக்கும்போது புதிதாக இன்னும் நூறு பெயர்கள் வந்து நிற்கும்.

ஆட்சேபிப்பவருக்கு இதில் செலவே இல்லை. பழைய காலத்து உறுப்பினர்களைப் போல விடிய விடிய நின்று பேச வேண்டாம். ஒரு சொல் போதும். சுமை முழுவதும் மற்ற 99 பேர் தலையில். இந்த ஏற்றத்தாழ்வுதான் முட்டுக்கட்டையின் முழு பலம்.

சரி, எது நின்றது? கர்னல் வரையிலான பதவிகளில் அவர் கைவைக்கவில்லை. ஒரு நட்சத்திர ஜெனரல், அட்மிரல் தொடங்கி மேலே உள்ள எல்லாம் நின்றன. அமெரிக்கப் படைகளில் அந்த மட்டத்தில் அப்போது இருந்தவர்கள் 852 பேர். ஆண்டு முடிவதற்குள் அவர்களில் 650 இடங்கள் வரை பாதிக்கப்படலாம் என்று பென்டகன் மதிப்பிட்டது. ராணுவத்தில் பதவி என்பது ரயில் பெட்டிகள் மாதிரி. முன்பெட்டி நகராவிட்டால் பின்னால் ஒன்றும் நகராது. மேலே ஒருவர் ஓய்வுபெற்று அந்த இடத்துக்கு ஒருவர் போனால்தான், அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர், அவர் விட்ட இடத்துக்கு மற்றொருவர்.

2023 ஜூலை 10 அன்று, கடலிலிருந்து தரையிறங்கிப் போரிடும் மரைன் படையின் தளபதி டேவிட் பெர்கர் ஓய்வுபெற்றார். நூறாண்டுக்கும் மேலாக முதல் முறையாக அந்தப் படைக்கு செனட் ஒப்புதல் பெற்ற தளபதி இல்லை. துணைத் தளபதி எரிக் ஸ்மித் 'பொறுப்பு' தளபதியானார். 'கூடுதல் பொறுப்பு' என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம். இரண்டு மேசைக் கோப்புகளிலும் கையெழுத்துப் போட வேண்டும், எந்த மேசையிலும் நீண்டகால முடிவு எடுக்க முடியாது. புதிய தளபதி பதவியேற்றதும் படைக்கான தன் திட்டக் கையேட்டை வெளியிடுவது மரபு. பொறுப்புத் தளபதியால் அதை வெளியிட முடியவில்லை. ஆகஸ்ட் 4-ல் தரைப்படைத் தளபதியும் ஆகஸ்ட் 14-ல் கடற்படைத் தளபதியும் ஓய்வுபெற, ஒரே சமயத்தில் மூன்று படைகள் பொறுப்புத் தளபதிகளின் கையில் இருந்தன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வரலாற்றில் இதற்குமுன் இப்படி நடந்ததில்லை.

செப்டம்பர் 21 அன்று ஸ்மித்தின் நியமனத்தைத் தனியாக ஓட்டுக்கு எடுத்து உறுதி செய்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட ஒருவர்கூட இல்லை. ஆனால் அவருக்குத் துணையாக வரவேண்டிய கிறிஸ்டோபர் மஹோனியின் பெயர் முட்டுக்கட்டையில் சிக்கியே கிடந்தது. அதனால் தளபதியான பிறகும் துணைத் தளபதியின் வேலையை ஸ்மித்தே சேர்த்துப் பார்த்தார். அக்டோபர் 29 அன்று வாஷிங்டனில் தன் குடியிருப்புக்கு அருகே இதயம் நின்று சாய்ந்தார். வழியில் இருந்தவர்கள் மார்பை அழுத்தி முதலுதவி செய்ததால் பிழைத்தார். பிறகு இதய வால்வு அறுவை சிகிச்சையும் நடந்தது. வேலைச் சுமைதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. தளபதி சாய்ந்த அன்று துணைத் தளபதியின் நாற்காலி காலியாக இருந்தது, அதைத்தான் சொல்கிறேன். அடுத்த நிலையில் இருந்த மூன்று நட்சத்திர ஜெனரல் ஒருவர் பொறுப்பேற்றார். நவம்பர் 2 அன்று மஹோனியின் பெயரை ஓட்டுக்கு விட்டார்கள். 86-0. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்ட ஒருவரை எதிர்க்க சபையில் ஆளே இல்லை.

அதே நாளில்தான் கடற்படைத் தளபதியாக லிசா ஃபிரான்செட்டி 95-1 என்ற ஓட்டில் உறுதி செய்யப்பட்டார். அமெரிக்கக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர். பெண் வீரர்களின் மருத்துவத்துக்காக நடந்த சண்டையில், அந்தப் பெண் ஆகஸ்டிலிருந்து 'பொறுப்பு' என்ற அடைமொழியோடு உட்கார வைக்கப்பட்டிருந்தார். இது என்னை மிகவும் வருத்திய விஷயம்.

பஹ்ரைனில் உள்ள ஐந்தாவது கடற்படைப் பிரிவுக்கும் ஜப்பானில் உள்ள ஏழாவது பிரிவுக்கும் அறிவிக்கப்பட்ட தளபதிகளும் காத்துக்கிடந்தார்கள். அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு மேற்கு ஆசியா பற்றி எரிந்தபோது பஹ்ரைன் தலைமைக்கு வரவேண்டியவர் வரவில்லை. ஏழாவது பிரிவின் எல்லை இந்திய-பாகிஸ்தான் கடல் எல்லை வரை நீள்கிறது. நம் எண்ணூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்டு டி கப்பல்தளம் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்க ஒப்பந்தம் போட்டது அதே 2023 ஜூலையில்தான். தூரத்து சமாச்சாரம் என்று முழுக்கத் தள்ளிவிட முடியாது.

குடும்பங்கள் பட்ட பாடு செய்திகளில் அதிகம் வரவில்லை. அமெரிக்க ராணுவத்தில் மாற்றல் காலம் கோடை. ஆகஸ்டில் பள்ளி திறக்கும். புது ஊரில் வீடு பார்த்து, பழைய வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் கொடுத்து, மனைவியோ கணவனோ வேலையை ராஜினாமா செய்தபின், "ஒப்புதல் வரவில்லை, இருந்த இடத்திலேயே இருங்கள்" என்றால் என்ன செய்வது? ஓய்வுபெற வேண்டியவர் அடுத்தவர் வராததால் போக முடியவில்லை. பதவி உயர வேண்டியவர் மேல்பதவியின் வேலையைக் கீழ்ப்பதவியின் சம்பளத்தில் செய்தார். இவர்களில் பலர் முப்பது ஆண்டு பணி செய்தவர்கள். சீருடையில் இருப்பதால் அரசியல் விவகாரத்தில் வாய் திறக்கவும் முடியாது. திருப்பிப் பேச முடியாதவரைப் பிணையாகப் பிடிப்பது எளிது.

எதிர்ப்பு கடைசியில் சொந்தக் கட்சியிலிருந்தே வந்தது. நவம்பர் 1 இரவு டான் சல்லிவன், ஜோனி எர்ன்ஸ்ட், லிண்ட்சி கிரஹாம், டாட் யங், மிட் ராம்னி ஆகிய குடியரசுக் கட்சி செனட்டர்கள் சபையில் எழுந்தார்கள். அனைவரும் கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள். சல்லிவன் அப்போது மரைன் ரிசர்வ் படையில் கர்னல். எர்ன்ஸ்ட் தேசியக் காவல்படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர். ஒவ்வொரு அதிகாரியின் பெயரையும் எடுத்து, எங்கே பணியாற்றினார், எந்தப் போரில் இருந்தார் என்று வாசித்து, ஒப்புதல் கேட்டார்கள். டூபர்வில் ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபித்தார். நான்கு மணி நேரத்துக்கும் மேல் இப்படியே போனது. 61 பெயர்கள், 61 ஆட்சேபணைகள். அதுவரை 'பட்டியல்' என்று இருந்தது அந்த இரவில்தான் தனித்தனி மனிதர்களாக மாறியது.

நவம்பர் 14 அன்று செனட் விதிகள் குழு ஒரு தற்காலிகத் தீர்மானத்தை 9-7 என்று அனுப்பிவைத்தது: அந்த காங்கிரஸின் காலம் முடியும் வரை ராணுவ நியமனங்களை மொத்தமாக ஓட்டுக்கு எடுக்கலாம் என்று. சபையில் அதற்கு 60 ஓட்டு தேவை. குடியரசுக் கட்சியிலிருந்து குறைந்தது ஒன்பது பேர் வர வேண்டும். வந்துவிடுவார்கள் என்ற நிலை வந்ததும் டூபர்வில் இறங்கி வந்தார். டிசம்பர் 5 அன்று மூன்று நட்சத்திரம் வரையிலான 400-க்கும் மேற்பட்ட பெயர்கள் ஒரே குரல் ஓட்டில் நிறைவேறின. நான்கு நட்சத்திரத்தில் 11 பேரை மட்டும் இன்னும் இரண்டு வாரம் பிடித்துவைத்து, டிசம்பர் 19-ல் விட்டார். பயணப்படி உத்தரவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

ஜனநாயகக் கட்சியையும் விட்டுவிட முடியாது. பெரும்பான்மைத் தலைவர் சக் ஷூமர், தனித்தனியாக ஓட்டுக்கு விட்டால் அதுவே வழக்கமாகிவிடும் என்று மாதக்கணக்கில் பிடிவாதமாக இருந்தார். வாதம் சரியானதே. ஆனாலும் முப்படைத் தலைமை போன்ற சில பதவிகளைக் கோடையிலேயே எடுத்திருக்கலாம். இந்தக் கருவியை முதலில் எடுத்தவர் டூபர்வில் என்றும் சொல்ல முடியாது. 2020 ஜூலையில் ஜனநாயகக் கட்சியின் டாமி டக்வொர்த், அலெக்சாண்டர் விண்ட்மன் என்ற ஓர் அதிகாரியின் பதவி உயர்வு பழிவாங்கப்படாது என்ற உறுதிமொழி கேட்டு 1,123 பெயர்களை இரண்டு வாரம் நிறுத்தினார். டக்வொர்த் போரில் இரு கால்களையும் இழந்தவர். அவர் கேட்டதும் ராணுவப் பதவி உயர்வு பற்றியதே. என்றாலும் அந்த 1,123 பேரும் பிணைதான்.

அப்படியானால் ஒரு செனட்டர் தன் எதிர்ப்பை எப்படித்தான் காட்டுவது? வழி இருந்தது. அதே 2023 ஜூலை 14 அன்று பிரதிநிதிகள் சபை, இந்தப் பயணப்படியை ரத்து செய்யும் திருத்தத்தோடு பாதுகாப்புச் செலவுச் சட்டத்தை 219-210 என்று நிறைவேற்றியது. செனட்டில் அதற்கு ஆதரவு இல்லாததால் இறுதிச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. ஓட்டில் பெற முடியாத ஒன்றைப் பிணை வைத்துப் பெறப் பார்த்தார்கள். பிறகு என்ன நடந்தது? ஆட்சி மாறியது. 2025 ஜனவரி 24 அன்று அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அந்த மாதம் முடிவதற்குள் பாதுகாப்புத் துறை கருக்கலைப்புக்கான பயணப்படியை ரத்து செய்தது. கருத்தரிப்புச் சிகிச்சைக்கு மட்டும் சில நாளில் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த முடிவு எனக்குத் துயரம் தருகிறது. அந்த சார்ஜென்ட் பெண் இன்று மறுபடி சொந்தக் காசில், சொந்த விடுப்பில், மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆனாலும் தேர்தலில் வென்றவர் கையெழுத்தால் வந்த முடிவு அது. எந்த அட்மிரலின் வீட்டுச் சாமானும் அதற்காக நடுவழியில் நிற்கவில்லை.

விதி மட்டும் மாறவில்லை. அந்தத் தற்காலிகத் தீர்மானம் சபைக்கு வராமலேயே 2025 ஜனவரி 3 அன்று காலாவதியானது. அதற்குள்ளேயே, 2024-ல் லெப்டினன்ட் ஜெனரல் ரொனால்ட் கிளார்க்கின் நான்காவது நட்சத்திரத்தை டூபர்வில்லும், கிறிஸ்டோபர் டோனஹியூவினுடையதை மார்க்வெய்ன் முல்லினும் வேறு வேறு காரணங்களுக்காக நிறுத்தினார்கள். 2025 செப்டம்பரில் சிவில் பதவிகளுக்கு மட்டும் குடியரசுக் கட்சியினர் விதியை மாற்றி 48 பெயர்களை ஒரே ஓட்டில் முடித்தார்கள். வேண்டுமென்றால் செய்ய முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். குழுவில் யாரும் தனியாக எதிர்க்காத ராணுவப் பெயர்களுக்கு அதையே நிரந்தரமாக எழுதி வைக்கலாம். யாராவது ஒரு குறிப்பிட்ட அதிகாரியின் தகுதியைக் கேள்வி கேட்டால், அந்த ஒரு பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துத் தனி விவாதத்துக்கு விடலாம். செனட்டரின் உரிமையும் நிற்கும், மற்ற நானூறு பேரும் வேலைக்குப் போவார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி